"பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க!" - மின்சாரக் கார்க்காரர்களை மிரட்டும் லட்ச ரூபாய்க் கேள்வி

சென்னை:- "பெட்ரோல் செலவு இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை" என்று ஆசை ஆசையாக வாங்கிய மின்சாரக் கார்களுக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது. மவுண்ட் ரோட்டில் ஓடுகிற மின்சாரக் கார்களில் சில 5 வருஷத்தைத் தாண்டி விட்டன. புதுசில் ஒரு சார்ஜுக்கு 200 கிலோ மீட்டர் ஓடிய வண்டி இப்போது 150 ஓடுகிறது. சிலது 130-லேயே மூச்சு வாங்குகிறது.

ஷெட்டுக்குக் கொண்டுபோனால், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்கிறார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் லட்சத்தில் சொல்கிறார்கள். கேட்டவருக்குத் தலை சுற்றுகிறது.

அடுத்த தெரு ஷெட்டில் வேறு பாட்டு. "எதுக்கு சார் மாத்தணும்? ரெண்டு மூணு செல்தான் வீக். பிரிச்சு மாத்தித் தரேன். பத்துல ஒரு பங்கு செலவுதான்."

யார் சொல்வது சரி? இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். இரண்டு பேரும் தப்பாகவும் இருக்கலாம். பேட்டரியை அளந்து பார்க்காமல் சொன்னால் இரண்டுமே கிளி ஜோசியம்தான்.

குட்டி பேட்டரி செய்யும் குறும்பு!

மின்சாரக் காரில் இருப்பது ஒரு பேட்டரி அல்ல, இரண்டு. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி தரைக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. அது போக, பெட்ரோல் காரில் இருப்பது போலவே 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்றும் இருக்கிறது. இந்தக் குட்டி பேட்டரிதான் பெரிய பேட்டரியின் கதவைத் திறக்கும் வாட்ச்மேன். வாட்ச்மேன் தூங்கி விட்டால் கதவு திறக்காது. பெரிய பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. டேஷ்போர்டில் கண்ட கண்ட விளக்கெல்லாம் எரிந்து பயமுறுத்தும்.

செத்துப் போனது சில ஆயிரம் ரூபாய் சாமான். அழுவது சில லட்ச ரூபாய் சாமானுக்கு! ஆகவே யாராவது "பேட்டரி போச்சு" என்றால், "எந்த பேட்டரி?" என்பதுதான் முதல் கேள்வி.

அதேபோல், பெரிய பெட்டிக்குள்ளேயே செல்லைத் தொடாமல் சரி செய்யக்கூடிய கோளாறுகளும் உண்டு. பியூஸ் போயிருக்கலாம். சூடு பார்க்கும் சென்சார் பொய் சொல்லலாம். செல்லையும் செல்லையும் இணைக்கும் பட்டையில் நட்டு தளர்ந்திருக்கலாம். காவல் காக்கும் கம்ப்யூட்டர் போர்டு கெட்டிருக்கலாம். இவற்றுக்காக முழு பேட்டரியையும் மாற்றுவது, சட்டையில் பொத்தான் அறுந்ததற்குப் புதுச் சட்டை தைப்பது போலத்தான்.

இன்னொன்று. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை. இந்த வகையில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று வோல்ட்டை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். மாதக் கணக்கில் அரையும் குறையுமாகவே சார்ஜ் செய்து வந்தால் மீட்டரின் கணக்கு குழம்பி விடும். மெதுவாக ஏற்றும் வீட்டுச் சார்ஜரில் இரண்டு மூன்று தடவை 100 சதவீதம் வரை ஏற்றினால், "காணாமல் போன" கிலோ மீட்டரில் கொஞ்சம் திரும்பி வருவதும் உண்டு. காசு செலவில்லாத வைத்தியம். முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டியதுதானே?

ஒரு பல்பு போனால்...

கோவில் திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க இருட்டு. கார் பேட்டரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றின் அழுத்தம் 3.2 வோல்ட். வண்டிக்கு 320 வோல்ட் வேண்டும் என்றால் 100 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நிற்க வேண்டும். ஒரே ஒரு செல் சீக்கிரம் காலியாகி விட்டால், காவல் கம்ப்யூட்டர் "போதும், நிறுத்து" என்று முழு வரிசையையும் நிறுத்தி விடும். மற்ற 99 செல்களில் சரக்கு இருந்தும் பயன் இல்லை.

ஆக, வண்டி குறைவாக ஓடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எல்லாச் செல்லும் ஒரே சீராகக் கிழடு தட்டிப் போயிருப்பது. இரண்டு, ஒன்றிரண்டு செல் மட்டும் நோயில் விழுந்து மற்றவற்றையும் இழுத்துப் பிடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். ஒன்றிரண்டு செல் நோய் என்றால் ரிப்பேர். ஊரே கிழடு என்றால் ரிப்பேருக்குக் கொடுக்கிற காசு கூவத்தில் போட்ட காசு.

இதைக் கண்டுபிடிக்க மந்திரம் வேண்டாம். காரின் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் பதிவாகிறது. முழுச் சார்ஜில் ஒரு தடவை, 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு ஒரு தடவை அந்தப் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அடிமட்டத்தில் 98 செல்கள் 3.1 வோல்ட்டில் நிற்க, இரண்டு மட்டும் 2.7-க்கு விழுந்து கிடந்தால் குற்றவாளி யார் என்று உங்களுக்கே தெரிந்து விடும். எல்லாம் ஒன்றாகவே இறங்கினால் அது வயோதிகம். ஒரு எச்சரிக்கை: பாதிச் சார்ஜில் மட்டும் அளந்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்றால் நம்பாதீர்கள். பாதிச் சார்ஜில் கிழவனும் குமரனும் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். கரண்டு பில்லில் வரும் ஒரு யூனிட்டும், கார் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணியும் ஒன்றேதான். வண்டியை 10 சதவீதம் வரை ஓட்டி இறக்கி விட்டு, தனி மீட்டர் வைத்து 100 வரை ஏற்றுங்கள். 30 யூனிட் பேட்டரி புதுசாக இருந்தால், சேதாரத்தையும் சேர்த்து மீட்டரில் ஏறக்குறைய 30 யூனிட் ஓடும். இப்போது 22, 23தான் ஓடுகிறது என்றால் சுமார் கால்வாசி போய் விட்டது என்று அர்த்தம். துல்லியம் இல்லை, ரஃப் கணக்குதான். ஆனால் ஷெட்டுக்காரர் "பாதி போச்சு சார்" என்று அடித்து விடும்போது, "இல்லையே, கால்வாசிதானே போயிருக்கு" என்று கேட்க இது போதும்.

கிழமாடும் இளங்காளையும்!

சரி, இரண்டு செல் மட்டும்தான் நோய். புதுச் செல் வாங்கிச் சொருகி விடலாமா?

அங்கேதான் வம்பு. ஒரு கிழமாட்டையும் ஒரு இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி எப்படிப் போகும்? கிழமாடு நடக்கும் வேகத்தில்தான் போகும். 6 வருஷப் பழைய 98 செல்லோடு புதுச் செல் இரண்டைப் போட்டாலும் பழைய செல்லின் அளவுக்குத்தான் வண்டி ஓடும். பழசில் அடுத்த பலவீனமான செல் எது என்ற கேள்வி மட்டும் மிச்சம். அது 4 மாதத்தில் விழுந்தால் மறுபடியும் பெட்டியை இறக்க வேண்டும், மறுபடியும் கூலி.

ஆகவே கெட்டிக்கார மெக்கானிக் புதுச் செல்லைத் தேடுவதில்லை. அதே வயசு, அதே பலம் உள்ள பழைய செல்லை அளந்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலப் பொருத்தம் பார்த்து, இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டு வந்த பிறகே பூட்டுகிறார். அதற்கான கருவியும் பொறுமையும் இருக்கிறதா என்று கேட்டு விட்டு வண்டியை விடுங்கள்.

எல்லாப் பெட்டியையும் பிரிக்கவும் முடியாது. சில கம்பெனி பேட்டரிகளில் செல்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக நட்டு போட்டு இணைக்கப்பட்டிருக்கும். அது ரிப்பேருக்கு வசதி. வேறு சிலவற்றில் செல்கள் பசை போட்டு ஒட்டி, லேசரில் பற்ற வைத்திருப்பார்கள். அதைப் பிரிப்பது சுட்ட செங்கல்லை மறுபடி களிமண்ணாக்குகிற வேலை.

கொழும்பு பட்ட பாடு

இந்தத் தலைவலியை நமக்கு முன்பே பார்த்தவர்கள் இலங்கைக்காரர்கள். ஜப்பானில் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீப் கார், 2015-ஐ ஒட்டிய வருஷங்களில் இலங்கைக்கு ஏராளமாக இறக்குமதியானது. பல வண்டிகள் ஜப்பானில் ஓடிப் பழசானவை. 24 யூனிட் பேட்டரி. அதைக் குளிர்விக்கத் தண்ணீரும் கிடையாது, விசிறியும் கிடையாது. கொழும்பு வெயில் நம் சென்னை வெயிலுக்குச் சித்தப்பா பிள்ளை. கேட்க வேண்டுமா?

அந்த பேட்டரியில் ஒரு நல்ல குணம். மொத்தம் 48 சின்னப் பெட்டிகள், பெட்டிக்கு 4 செல், ஆக 192. ஸ்பேனர் போட்டுக் கழட்டலாம். நோயுள்ள பெட்டியை எடுத்து விட்டு வேறு வண்டியின் பெட்டியைப் போடலாம். பொருத்தம் பார்க்காமல் கண்டதைப் போட்டால் கிழமாட்டுக் கதைதான்.

தயாரித்த நாட்டிலும் இதே வழியைத்தான் முறையாகச் செய்தார்கள். 2018-ல் புகுஷிமா மாநிலத்தில் நமியே என்ற ஊரில் நிசானின் கூட்டுக் கம்பெனி ஒன்று ஆலை திறந்தது. பழைய பேட்டரிகளைப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, பலசாலிகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி பேட்டரி ஆக்கினார்கள். புதுசு 6 லட்சத்து 50 ஆயிரம் யென் என்றால், இந்தச் சேர்த்த பேட்டரி 3 லட்சம் யென். பாதி விலையை விடக் குறைவு. ரிப்பேர் என்றால் இதுதான் ரிப்பேர். நம் ஊரிலும் இப்படி ஒன்று பெரிய அளவில் வந்தால் எத்தனை குடும்பத்துக்கு உபகாரமாக இருக்கும்!

புதுப்பேட்டைக்குப் போகலாமா?

அடிபட்ட வண்டியில் கழட்டிய இன்ஜினை வாங்கிப் போட்டு ஓட்டிப் பழகிய ஊர் இது. "புதுப்பேட்டையில் கெடைக்காததா?" என்று கேட்பார்கள். பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது, பல வண்டிகளில் கம்பெனி கம்ப்யூட்டர் ஒப்புக் கொண்டால்தான் மாற்றுப் பேட்டரி வேலை செய்யும். இரண்டாவது, அந்தப் பேட்டரி எந்த வெள்ளத்தில் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை மறக்க முடியாது. பேட்டரி பெட்டிகள் பலவற்றுக்கு ஐ.பி. 67 என்று தரம் போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். நம் ஊர் பேஸ்மென்ட்டில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. உள்ளே போன ஈரம் உடனே காட்டாது. பட்டை பச்சை பூத்து, மின்கசிவாகி, மாதங்கள் கழித்து வண்டியை நிறுத்தும். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி என்றால் ரிப்பேர் பேச்சே வேண்டாம் என்பது இந்த நிருபரின் கருத்து. அது இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேச வேண்டிய விஷயம். வயசாகித் தேய்ந்ததற்கு இன்சூரன்ஸ் தர மாட்டார்கள். வெள்ளம், விபத்துக்குக் கேட்கலாம். பாலிசியில் பேட்டரிக்குத் தேய்மானக் கழிவு எத்தனை சதவீதம் என்று பிரீமியம் கட்டும்போதே கேட்டு வையுங்கள்.

பெட்டியைத் திறப்பவருக்கும் உயிர்ப் பயம் உண்டு. 300 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம், தொட்டால் விடாது. ரப்பர் கையுறை இல்லாமல், ஆரஞ்சு வயரின் இணைப்பை முதலில் துண்டிக்காமல் கை வைக்கிற ஷெட் என்றால் வண்டியை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் தகப்பனும் மகளும் இறந்தார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை அரசாங்கம் இறுக்கியது. இரும்பு பாஸ்பேட் வகை மற்றவற்றை விடச் சாது என்பது உண்மை. சாது மிரண்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே.

விலைக் கணக்கு

புளூம்பெர்க் கணக்கெடுப்பின்படி 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவு பேட்டரிக்கு உலகச் சராசரி விலை 1,000 டாலருக்கு மேல். 2024-ல் அது 115 டாலர். 30 யூனிட் பேட்டரிக்கு 3,450 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ரூ.2 லட்சத்து 93 ஆயிரம். இது கார்க் கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் விலை. நமக்கு ஒன்றே ஒன்றாக, கவுண்டரில், கூலியோடு வரும்போது ஏறும். அதற்கு மேல் ஜி.எஸ்.டி.! காராக வாங்கினால் 5 சதவீதம். பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். புதுக் கார் வாங்குகிறவனுக்குச் சலுகை. பழைய காரைக் காப்பாற்றுகிறவனுக்கு அபராதம். என்ன நியாயமோ!

இப்போது ரிப்பேரோடு ஒப்பிடுவோம். ஒரு பேச்சுக்கு, புதுப் பேட்டரி ரூ.5 லட்சம், 8 வருஷம் உழைக்கும் என்று வைப்போம். 96 மாதம். மாதத்துக்கு ரூ.5,200 ஆகிறது. ரிப்பேருக்கு ரூ.60 ஆயிரம் கேட்கிறார் என்றால், அது ஒரு வருஷம் உழைத்தால்தான் மாதம் ரூ.5,000, இரண்டும் சமம். இரண்டு வருஷம் உழைத்தால் உங்களுக்கு லாபம். 5 மாதத்தில் படுத்தால் மாதம் ரூ.12 ஆயிரம்! "எவ்வளவு சார்ஜ்?" என்று கேட்பதை விட, "எத்தனை மாசம் எழுதித் தருவீங்க?" என்று கேட்பது புத்திசாலித்தனம். ஒரு வருஷம் எழுத்தில் தராதவரிடம் ரூ.60 ஆயிரம் கொடுப்பது சூதாட்டம்.

ஒன்றுமே செய்யாமல் இருந்தால்?

ரிப்பேர், மாற்று - இரண்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவது வழியைச் சொல்வாரில்லை. சொன்னால் யாருக்கும் வியாபாரம் இல்லையே!

வேளச்சேரியில் இருந்து பாரிமுனைக்கு ஆபீஸ் போய்வரும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். போக வர 35 கிலோ மீட்டர் இருக்கும். வழியில் மார்க்கெட், பிள்ளையின் டியூஷன் எல்லாம் சேர்த்து 50. அவர் வண்டி 200-ல் இருந்து 140-க்கு இறங்கி விட்டது. அவருக்கு என்ன நஷ்டம்? முன்பு 3 நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டார். இனி 2 நாளைக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு இரண்டு தடவை திருப்பதி, திண்டிவனம் போகும்போது வழியில் நின்று காபி சாப்பிட வேண்டும். இதற்காக 5 லட்சமா? சீராகக் கிழடு தட்டிய பேட்டரி ஒரே நாளில் செத்து விழுவதில்லை. இன்னும் சில வருஷம் மெதுவாக நடக்கும். பேட்டரி விலையோ வருஷத்துக்கு வருஷம் இறங்குகிற சாமான்.

அதே வண்டி கால் டாக்சி என்றால் கதையே வேறு. நாளைக்கு 200 கிலோ மீட்டர் ஓடினால்தான் தவணையும் கட்டி அரிசியும் வாங்க முடியும். பகலில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட நின்றால் இரண்டு சவாரி போச்சு. அவருக்கு மாற்றுவதுதான் லாபம். தள்ளிப் போட்டால் நஷ்டம் தினம் தினம்.

தள்ளிப் போடுபவருக்கும் ஒரு எச்சரிக்கை. உற்பத்தியை நிறுத்திய மாடல் என்றால், விலை இறங்கும் என்று காத்திருப்பதற்குள் பேட்டரியே கிடைக்காமல் போகலாம். 2013-ல் வந்த மகிந்திரா இ2ஓ காரின் தயாரிப்பு எப்போதோ நின்று விட்டது. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டாக் இருக்கிறதா என்று இன்றே விசாரிப்பது நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காக வேறு அளவுப் பேட்டரியைச் சொருகுவதும் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

வாரண்டி சீட்டு எங்கே?

இத்தனையும் வாரண்டி முடிந்தவர்களுக்கு. முடியாதவர்கள் ஷெட்டுப் பக்கமே போக வேண்டாம். வெளியாள் பெட்டியின் சீலைத் திறந்தால் வாரண்டி காலி.

டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தது. பேட்டரி 30.2 யூனிட். வாரண்டி 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர், இதில் எது முந்துகிறதோ அது. முதலில் வாங்கியவர்களுக்கு 2028-ல் கெடு முடிகிறது. 45 யூனிட் வண்டிகளின் முதல் உரிமையாளர்களுக்கு 2025-ல் அந்தக் கம்பெனி 15 வருஷ வாரண்டி அறிவித்தது. பழைய 30 யூனிட் வண்டிக்கு அது கிடையாது. ஆகவே பழைய வண்டிக்காரர்கள், கெடு முடிவதற்கு 6 மாதம் முன்பாவது கம்பெனி சர்வீசில் பேட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கம்பெனிகள் பொறுப்பேற்கின்றன. எந்த அளவு என்று உங்கள் புத்தகத்தில் பாருங்கள். "ஓகே சார், நல்லா இருக்கு" என்று வாயால் சொன்னால் ஒப்புக் கொள்ளாதீர்கள். எண்ணும் தேதியும் சீலும் வேண்டும்.

பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்!

மாற்றுவது என்றே முடிவாகி விட்டால், கழட்டிய பேட்டரியை ஷெட்டிலேயே விட்டு விட்டு வராதீர்கள். காருக்கு ஆகாத பேட்டரி வீட்டுக்கு ஆகும். 70 சதவீதம் பலம் உள்ள 30 யூனிட் பேட்டரி என்றால் இன்னும் 21 யூனிட் பிடிக்கும். கரண்டு போன இரவில் ஒரு தெருவுக்கே விசிறி ஓடும். சூரிய மின்சாரத்தைச் சேமிக்க இத்தகைய பேட்டரிகளுக்குக் கிராக்கி உண்டு. உள்ளே இருக்கும் லித்தியம், செம்பு, அலுமினியத்துக்கும் விலை உண்டு.

2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற கம்பெனியே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. காயலான் கடையில் எடைக்குப் போடுவது ஆபத்து. சுத்தியலால் தட்டினால் தீப்பிடிக்கும். பில் போடும்போதே பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். "அதுக்கெல்லாம் ஒண்ணும் வராது சார், நாங்களே டிஸ்போஸ் பண்ணிடறோம்" என்று சிரித்துக் கொண்டே சொன்னால், நீங்களும் சிரித்துக் கொண்டே, "அப்படியா, அதையும் பில்லில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.